சாப்பிட ஒரு தனி வாய்

புத்தகம் வாசிப்பதற்கென்றே பிறந்த கருவி ஒன்று என்னிடம் இருந்தது. கன்டெய்னரில் விழுந்த பொத்தலைப் படம் பிடிப்பதற்காகக் கம்பெனி கொடுத்த டேப்லெட் ஒன்று, சுருக்கமாக டேப், அவரிடம் இருந்தது. அந்த வருஷம் நான் வாசித்தது ஏழு புத்தகம். அதில் மூன்று, கருவியை எப்படிப் பராமரிப்பது என்பதைப் பற்றியவை என்று அவர் யார்டு பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய். இரண்டுதான்.

அவர் பெயரைப் போடப் போவதில்லை. இந்தக் கட்டுரை என்றைக்காவது பிடிஎஃப் ஆகி, வாட்ஸப்பில் நாலு ஊர் சுற்றி, அவர் டேப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்தால் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். வாசித்துவிட்டு போன் போட்டு, “மூணாவது பாராவுல ஒரு எழுத்து விட்டுட்டீரு வே” என்பார். அந்தத் தெம்பு இப்போது எனக்கில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், உப்பளங்களை ஒட்டி இருந்தது எங்கள் யார்டு. கப்பலில் வந்து இறங்கி, சரக்கைக் கொடுத்துவிட்டுக் காலியாக நிற்கிற கன்டெய்னர்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். நாங்கள் அவற்றைப் பெட்டி என்போம். அவரும் நானும் பெட்டி சர்வேயர்கள். எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, எங்கே பொத்தல் என்று பார்த்து, படம் எடுத்து, நம்பரோடு ஏற்றிவிட வேண்டும். வயதில் என்னைவிட மூன்று நாலு மூத்தவர். எல்லாருக்கும் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. ஆள் குட்டை, ஆனால் கை மட்டும் பெரிய ஆளிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பத்து இன்ச் டேப் அந்தக் கையில் சீட்டுக்கட்டு போலத் தெரியும். அதன் ஒரு மூலை உடைந்து, மஞ்சள் ஒட்டுநாடா சுற்றியிருந்தது. திரைமேல் எப்போதும் உப்புத்தூள். அதைச் சட்டை நுனியால் ஒரு இழு இழுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வாசிப்பார்.

நான் இ-ரீடர் வாங்கி யார்டுக்குக் கொண்டு போன முதல் நாள் நினைவிருக்கிறது. பஞ்சு வைத்த உறை, அதற்கு மேல் ஒரு ஜிப் பை, அதற்கு மேல் ஒரு மஞ்சப்பை. மூன்றையும் உரித்து எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டினேன்.

“இதுல வேற என்னல்லாம் வரும்?”

“ஒண்ணும் வராது அண்ணாச்சி. வாசிக்க மட்டுந்தான். அதுதான் இதோட பெருமையே.”

“போட்டோ எடுக்குமா?”

“எடுக்காது.”

“ஒரு போன்?”

“அண்ணாச்சி, இது வாசிக்கதுக்குன்னே தனியாச் செஞ்ச மிஷின்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக என் மஞ்சப்பையிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏம்வே, பேசுத வாயாலதான நாம திங்கோம்? சாப்பிடுததுக்குன்னு தனியா ஒரு வாய் வாங்கி, அதையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டா அலையுதோம்?”

அன்று மத்தியானத்துக்குள் யார்டில் எனக்குத் ‘தனிவாய்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

நானும் விடவில்லை. திரை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று எங்கெங்கோ வாசித்ததை எல்லாம் அள்ளிக் கொட்டினேன். அவர் உப்பளத்தைக் கை காட்டினார். பன்னிரண்டு மணி வெயிலில் உப்புக் குவியல்கள் பார்க்க முடியாதபடி எரிந்துகொண்டிருந்தன. “சின்ன வயசுலேருந்து இதைப் பாத்த கண்ணு இது. இந்த டேப்பு வெளிச்சத்தை இது வெளிச்சம்னே மதிக்காது.”

நடுவில் நடுவில் மெசேஜ் வருமே, கதை அறுந்துபோகுமே என்றேன். அது உண்மையும்கூட. கதாநாயகன் கத்தியை ஓங்கியிருப்பான். டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். கேட்டில் லாரி நிற்கிறது, ஆறு பெட்டி பார்க்க வேண்டும். அவர் கத்தியை ஓங்கியபடியே விட்டுவிட்டு எழுந்து போவார். ஆறு பெட்டியையும் அடி விடாமல் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து குத்த விடுவார். ஒரு சொல்லைக்கூட மறுபடி வாசிக்க மாட்டார். எனக்கோ, தலைக்கு மேல் காக்கா பறந்தாலே பாராவின் முதல் வரிக்குப் போக வேண்டும்.

“துறைமுகத்துக்குக் கப்பல் வரும், போகும்வே. அதுக்காகக் கடலை மூடிப் போடவா செய்யுதான்?” என்றார்.

இதற்கெல்லாம் நான் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. தோற்றது பழைய புத்தகங்களிடம். யாரோ புண்ணியவான்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துப் போட்ட பழைய நாவல்களை அவர் எங்கிருந்தெல்லாமோ இறக்கி வைத்திருந்தார். கெஞ்சி, அதில் ஒன்றை வாங்கி என் கருவியில் ஏற்றினேன். ஆறு இன்ச் திரையில் முழுப் பக்கமும் சுருங்கி, எழுத்தெல்லாம் சீனிக்கு வந்த எறும்பு மாதிரி ஊர்ந்தது. பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போனது. பக்கத்தை நகர்த்தினால் கருவி ஒரு முறை கறுத்து, வெளுத்து, யோசித்து, பிறகு வேறு எங்கேயோ போய் நின்றது. பக்கத்தில் அவர் ரெண்டு விரலை வைத்து ஒரு விரி விரித்தார். எழுத்து நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றது.

“எறும்பு என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த நையாண்டி எதுவும் இல்லை. ஒரு ரயில் பயணம். எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் மகளுக்குத் திருச்செந்தூரில் கல்யாணம். திருநெல்வேலியில் ஒரு வேலையை முடித்துவிட்டு ரெண்டு பேரும் அங்கிருந்து ரயில் ஏறினோம். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மூன்று உறையையும் உரித்து, கருவியை எடுத்தேன். சார்ஜ் இல்லை. இதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் நிற்கும். வாரக்கணக்கில் நிற்பதால் சார்ஜ் போட வேண்டும் என்பதே மறந்துபோகும். நான் பைக்குள் கையை விட்டு ஒயரைத் தேடினேன். சட்டையைத் தேடினேன். எதிர் சீட்டு அம்மாவின் பூக்கூடையைக்கூட ஒரு பார்வை பார்த்தேன்.

 அவர் டேப்பை எங்கள் ரெண்டு பேர் தொடைக்கும் நடுவில் பாலம் மாதிரி வைத்தார். ஒரே பக்கத்தை ரெண்டு பேரும் வாசித்தோம். அவர் வேகம், நான் எழுத்துக்கூட்டாத குறை. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அவர் ஆள்காட்டி விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். “திருப்பவா?” என்பார். “ஒரு நிமிஷம் அண்ணாச்சி.” விரல் அப்படியே நிற்கும். ஆறுமுகநேரி போய், காயல்பட்டினமும் போயிற்று. அத்தனை பக்கத்திலும் ஒரு தடவைகூட அந்த விரல் அவசரப்படவில்லை. இறங்கும்போது மட்டும் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு, “உம்ம கூட வாசிச்சா ஒரு புஸ்தகம் ரெண்டு புஸ்தகத்துக்கு உழைக்கும்வே” என்றார்.

அவருக்குப் பிரியமான வாசிப்பறை எது என்று சொல்லாவிட்டால் இந்தச் சித்திரம் நிற்காது. பெட்டியேதான்.

தீப்பெட்டி, அவுரி இலை மாதிரி ஈரம் ஆகாத சரக்கு ஏற்றும் பெட்டிக்கு லைட் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பெயர்தான் இங்கிலீஷ், விஷயம் எளிது. ஒருத்தர் காலிப் பெட்டிக்குள் போய் நிற்பார். இன்னொருத்தர் வெளியிலிருந்து கதவைச் சாத்துவார். உள்ளே கும்மிருட்டு. எங்கேயாவது ஊசிமுனை அளவுக்குப் பொத்தல் இருந்தால் அந்த வழியாக வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி தெரியும். தெரிந்தால் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு, கதவைத் தட்டினால் வெளியில் இருப்பவர் திறக்க வேண்டும். பெட்டியை உள்ளிருந்து திறக்க முடியாது. எனவே வெளியில் நிற்பவர் நகரக் கூடாது. சட்டம் இந்த ஒன்றுதான்.

அவர் உள்ளே போவார், நான் வெளியே நிற்பேன். பொத்தலைப் பார்த்து முடித்ததும் உடனே தட்ட மாட்டார். இருட்டில் டேப்பைத் திறந்து ரெண்டு பக்கம் வாசித்துவிட்டுத்தான் தட்டுவார். “உம்ம மிஷினைக் கொண்டாந்து இங்கன வாசியும் பாப்போம்” என்பார். என்னுடையது விளக்கு இல்லாத ரகம். நான் பேச்சை மாற்றுவேன்.

அது ஆடி மாதம். மேல்காத்து மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. காலை ஒன்பதரை இருக்கும். தீப்பெட்டிக்காக எட்டுப் பெட்டி பார்க்க வேண்டும். எட்டும் ஒரே கம்பெனி, ஒரே கத்தரிப்பூ நிறம். ஏழு முடிந்தது. எட்டாவதற்குள் அவர் போனார். சும்மா சாத்தினால் காற்று கதவைப் பிடுங்கி எறிகிறது என்று, “கொண்டியைப் போடும்வே” என்று உள்ளிருந்து சத்தம் கொடுத்தார். கம்பியைத் திருப்பிக் கொண்டியைப் போட்டேன்.

போட்ட அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது: கேட்டருகே நிற்கிற பைக்கின் சீட்டுமேல் கருவியை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உறையில்லாமல். வெயிலில்.

பதற்றம் எனக்குப் பழக்கமான விருந்தாளி. வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே வந்துவிடும். “அண்ணாச்சி, ரெண்டே நிமிஷம்! ரீடர் வெயில்ல கெடக்கு!” என்று கதவில் வாயை வைத்துக் கத்திவிட்டு ஓடினேன். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை. கேட்கவும் நான் நிற்கவில்லை.

கருவி பத்திரமாக இருந்தது. கவனமாக அதை மூன்று உறைக்குள்ளும் போட்டேன். அங்கே மேனேஜர் நின்றார். ஒரு லாரிக்காரன் பெட்டி நம்பரைத் தப்பாக எழுதிக் கொண்டுவந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தான். “சார், இதை மட்டும் பாத்துட்டுப் போங்க” என்றார். பார்த்தேன். பேசினேன். தீர்ப்பும் சொன்னேன். தீர்ப்புச் சொன்ன பெருமையில் ஒரு டீயும் குடித்தேன். இதை எழுதுகிற கையை இப்போதும் ஒரு தடவை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

திரும்பி வந்தால் எட்டுப் பெட்டியும் இல்லை. வெறும் தரை.

பெட்டியைத் தலையில் கவ்வித் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டேக்கர் வண்டியை ஓட்டுகிறவன் சூசை. ஆலந்தலைக்காரன். தூரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு போய்விட்டது.

“சூசை! இங்கன இருந்த பெட்டி எங்கடே?”

“அடுக்கியாச்சுண்ணே. கொண்டி போட்டிருந்திச்சு, முடிஞ்சிட்டுன்னு தூக்கிட்டேன்.”

“எட்டாவது எது?”

“எட்டும் எட்டாவது மாதிரிதாண்ணே இருக்கு. ஏன்?”

“உள்ள அண்ணாச்சி இருக்காரு.”

சூசை நெஞ்சில் சிலுவை போட்டான். போட்ட கையாலேயே என்னை அடிக்க வந்தான்.

நம்பர்? நம்பர் டேப்பில் இருந்தது. டேப் பெட்டிக்குள் இருந்தது. இரும்புக்குள் சிக்னல் கிடையாது. அந்த வரிசையில் ஏற்கெனவே கத்தரிப்பூ நிறத்தில் இருபது முப்பது பெட்டி நின்றன, மூன்று அடுக்கு. அவற்றுக்கு நடுவே இந்த எட்டை எங்கெங்கே வைத்தோம் என்று சூசைக்கே நினைவில்லை. அந்த வெயிலில் பூட்டிய பெட்டி சீக்கிரமே இட்லிக் கொப்பரை ஆகிவிடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. டீக்கு அதில் பத்து.

ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் கீழ் அடுக்கை வரிசையாக அடித்தேன். “அண்ணாச்சி! அண்ணாச்சி!” பெரிய சத்தம் வந்தது. ஆனால் யார்டில் இரும்புச் சத்தத்துக்கு யார் காது கொடுப்பார்கள்? விடிந்தால் அடைந்தால் அதுதான். அவரும் உள்ளேயிருந்து அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அங்கே இருந்த பத்துப் பேரும் அதை வேலைச் சத்தம் என்று கடந்து போயிருக்கிறார்கள். நான் மூன்றாவது பெட்டியோடு கம்பியைப் போட்டுவிட்டு, முருகா என்றேன், மாதாவே என்றேன். அவசரத்துக்கு ஆள் பார்க்கவில்லை.

அப்போதுதான் லோடுமேன் ஒருவர் அந்தப் பக்கமிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “ஏல, மேல் பெட்டிக்குள்ள ஒரு பொம்பளை பேசுதா!”

எங்கள் யார்டில் பெண்ணே கிடையாது. எல்லாரும் ஓடினோம். மூன்றாவது அடுக்கிலிருந்து, காற்று ஓய்ந்த இடைவெளிகளில், ஒரு பெண் குரல் இரும்பெல்லாம் அதிர இறங்கி வந்தது. வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடுவாளே, அந்தக் குரல். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் அது சொல்லிக்கொண்டிருந்தது: “அத்தியாயம் பத்தொன்பது. பரிமளம் கோபமாக எழுந்தாள். இனி ஒரு நிமிடமும் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள்.”

“பேயி கதை சொல்லுது” என்றார் லோடுமேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேன் படமாக இல்லாத புத்தகம் என்றால் டேப் அதை வாய்விட்டு வாசிக்கும். அவர் முழு வால்யூமில் வாசிக்க விட்டிருக்கிறார். தட்டினால் யாரும் திரும்ப மாட்டான், பொம்பளைக் குரல் கேட்டால் பத்துப் பேரும் திரும்புவான் என்று அந்த இருட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். என் கருவிக்கு வாயே கிடையாது. தனிவாய் என்ற பெயர் எனக்குத்தான்.

சூசை அந்தப் பெட்டியை இறக்கின மாதிரி முட்டைக் கூடையைக்கூட யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். கொண்டியைத் திருப்பினது நான்தான். அவசரத்தில் மூன்று தடவை வழுக்கியது. கதவைத் திறந்ததும் அனல் வந்து முகத்தில் அறைந்தது. அவர் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, டேப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் தண்ணீர். பரிமளம் இன்னும் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு விரலால் அவளை நிறுத்தினார்.

என்னைப் பார்த்து முதலில் கேட்டது: “மிஷின் உருகிராமக் கெடக்கா?”

மேனேஜர் மூச்சிரைக்க வந்து, யார் கொண்டி போட்டது, யார் இடத்தை விட்டுப் போனது, இப்போதே எழுதிக் கொடுங்கள் என்று குதித்தார். என் வேலை போகிற நாள் அதுதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே, “கொண்டி போடச் சொன்னது நான் சார். கேட்டுக்குப் போகச் சொன்னதும் நாந்தான். எழுதித் தாரேன், பேனா கொண்டாங்க” என்றார்.

முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை எழுதிக் கையெழுத்தும் போட்டார். டீ வந்தது. கிளாஸை எடுத்தவர் உடனே கீழே வைத்தார். “சுடுது” என்றார். கிளாஸை நான் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. அவர் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். இரவல் வாங்கின மாதிரி இருக்கும் அந்தப் பெரிய கை ஆடுவதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாளும் லைட் டெஸ்ட் இருந்தது. இனி அண்ணாச்சி உள்ளே போக மாட்டார் என்றார்கள் சிலர். போனாலும் வெளியே தனிவாயை நிறுத்த மாட்டார் என்றார்கள் எல்லாரும். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நான் சூசையிடம் போய், நீ நில் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி வாசலிலிருந்து குரல் வந்தது.

“என்னவே அங்கன பேச்சு? வாரும்.”

போனேன். அவர் டேப்பை என் கையில் வைத்தார். புத்தகம் திறந்திருந்தது.

“இதைப் பிடியும். நான் உள்ள போறேன். நீரு சத்தமா வாசியும்.”

“நானா? இதே வாசிக்குமே அண்ணாச்சி, ஒரு பட்டனை அமுக்கினா...”

“அது நீரு போனாலும் வாசிச்சிட்டே இருக்கும்வே” என்றார். சிரிக்கவில்லை. “உம்ம சத்தம் எனக்குக் கேக்கணும். கேட்டாத்தான் நீரு நிக்கீருன்னு அர்த்தம். நடுவுல நிப்பாட்டாதீரும்.”

உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். காற்று கதவைப் பிடித்து இழுத்தது. கொண்டி போடவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரேதான் உள்ளிருந்து, “போடும்” என்றார்.

போட்டேன். கதவோடு ஒட்டி நின்று, டேப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். லோடுமேன்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். சூசை வண்டியை அணைத்துவிட்டு வந்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒன்றிரண்டு வரி ஒழுங்காகப் போயிற்று. பிறகு எழுத்தெல்லாம் கலங்கி, குரல் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போனது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தேன்.

உள்ளேயிருந்து தகரம் அதிர ஒரு அடி.

“ஏம்வே அழுவுதீரு? அங்கன பரிமளத்துக்குக் கல்யாணம்லா நடக்கு! எழவு வீடு மாதிரி வாசிக்கீரு!”

சுற்றி நின்ற அத்தனை பேரும் வெடித்துவிட்டார்கள். நான் சட்டையில் முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேளம் கொட்டுகிற வரியிலிருந்து அந்தக் கல்யாணத்தை மறுபடி சத்தமாக நடத்தத் தொடங்கினேன்.